அம்மா சொன்னது இளங்கொடிதான்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அக்காவுக்குக் குழந்தை பிறந்து பதின்மூன்று நாள். பத்தியத்துக்கென்று பால்சுறா ஒன்றை முழுதாக வாங்கி வந்து வீட்டில் வெட்டியிருக்கிறார்கள். வயிற்றுக்குள் நாலு குட்டிகள். ஒவ்வொன்றின் கழுத்தடியிலிருந்தும் ஒரு கொடி புறப்பட்டுத் தாயின் உட்சுவரில் போய் ஒட்டியிருந்தது. அம்மா "இது இளங்கொடியல்லோ பிள்ளை" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அத்தான் "மீனுக்கு எங்கால இளங்கொடி, அது குடல்" என்றாராம். யார் சொன்னது சரி, மீனுக்குக் கருப்பை உண்டா, எல்லாச் சுறாவும் இப்படித்தானா, பால்சுறா அருகிவரும் இனம் என்கிறார்களே, இனி வாங்கலாமா என்று கேட்கிறார்.

அம்மா சொன்னதுதான் சரி. பாடப்புத்தகத்தில் அதைச் சூல்வித்தகம் என்று எழுதுவோம், தமிழ்நாட்டில் நச்சுக்கொடி என்பார்கள். ஊரில் பசு கன்று ஈன்றதும் விழுகிற இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அம்மாவுடையது. அந்தக் கண்ணுக்கு ஒரு சுறாவின் வயிற்றிலும் அது இன்னதென்று தெரிந்திருக்கிறது. எனக்கு அது பெரிய சந்தோசம்.

நான் விலங்கியல் படித்தவள். முகத்துவாரம், நீர்கொழும்பு இறங்குதுறைகளிலும் கொழும்பு மீன்சந்தையிலும் பல வருடம் விடியப்புறத்தில் நின்று சுறாக்களை அளந்து, ஆணா பெண்ணா, பருவம் வந்ததா, சினையா என்று குறித்திருக்கிறேன். புறக்கோட்டை செயின்ட் ஜோன்ஸ் சந்தை 2011இல் பேலியகொடைக்கு மாறுவதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. அப்போதெல்லாம் வெட்டுகிறவர்கள் "மிஸ், இதிலே குட்டி இருக்கு" என்று கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஆகவே புத்தகத்தில் படித்ததையும் கையால் தொட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அத்தானுக்கு ஒரு வார்த்தை. அவர் குடல் என்று நினைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோழி, ஆடு, மற்ற மீன்கள் எல்லாவற்றிலும் குடல் நீளக் குழலாக மடிந்து கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். சுறாவின் குடல் அப்படி இராது. குட்டையாக, தடித்த உருளையாக இருக்கும். பால்சுறாவின் குடும்பத்தில் அந்த உருளைக்குள்ளே ஒரு மடல் சுருட்டி வைத்த பாயைப்போலச் சுருண்டிருக்கும். உணவு அந்தச் சுருளுக்குள் நுழைந்து வருவதால் குறைந்த நீளத்திலேயே நிறையப் பரப்புக் கிடைத்துவிடுகிறது. குட்டியின் கழுத்தடியில் தொடங்கி மெல்லியதாக ஓடிப்போய்க் கருப்பைச் சுவரில் முடிகிற ஒன்று குடலாக இருக்க வழியே இல்லை.

இனித் தங்கச்சி வெட்டிய இடத்திலிருந்தே உள்ளே போவோம். கழிவாயிலில் தொடங்கித் தொண்டை வரை கீறினால் முதலில் கண்ணில் படுவது ஈரல். வெளிறிய நிறத்தில் இரண்டு நீள மடல்கள், தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. நீரில் உடலை மிதக்கத் தாங்குவதில் இந்த எண்ணெய்க்குப் பங்குண்டு. இனப்பெருக்கத்தின் களஞ்சியமும் அதுவே: முட்டையின் மஞ்சள்கருவுக்கான பொருள் ஈரலில்தான் உருவாகி, இரத்தத்தில் கலந்து சூலகத்துக்குப் போகிறது.

ஈரலை ஒதுக்கினால், முன்பக்கத்தில், முதுகெலும்பை ஒட்டிச் சூலகம் தெரியும். எங்களுக்குச் சூலகம் இரண்டு. பால்சுறாவிலும் அதன் உறவுக்காரச் சுறாக்களிலும் ஒன்றுதான் முழுதாக வளர்ந்து வேலை செய்யும், மற்றது ஒடுங்கிப்போய்விடும். வேலை செய்கிற சூலகத்தில் மஞ்சள் மணிகள்போல வெவ்வேறு அளவில் முட்டைகள் பதிந்திருக்கும். அதோடு ஒட்டிப் பின்பக்கமாக வெளிறிய நீண்ட சதைப்பட்டை ஒன்று ஓடும். அனேகர் அதைக் கொழுப்பென்று எறிந்துவிடுவார்கள். அது எபிகோனல் உறுப்பு. சுறாவுக்கு எலும்பே இல்லை, எல்லாம் குருத்தெலும்பு, அதனால் எலும்பு மச்சையும் இல்லை. எங்கள் எலும்பு மச்சை செய்கிற வேலையில் ஒரு பங்கை, வெள்ளைக் குருதிக்கலங்களை ஆக்கும் வேலையை, இந்தப் பட்டை செய்கிறது. நோயெதிர்ப்புக் கலங்களின் பட்டறையும் முட்டைகளின் தொட்டிலும் ஒரே சதையில் ஒட்டிக்கிடப்பது இந்த விலங்குகளின் தனித்தன்மை.

அடுத்தது எனக்கு எத்தனை வருடமானாலும் அலுக்காத இடம். முதிர்ந்த முட்டை சூலகத்திலிருந்து நேராகக் குழாய்க்குள் விழுவதில்லை. வயிற்றறைக்குள்ளே வெறுமனே விடப்படுகிறது. அந்த அறையின் சுவரெல்லாம் நுண்ணிய மயிர்கள் அசைந்தசைந்து முட்டையை முன்னோக்கித் தள்ளுகின்றன. ஈரலின் முன்முனைக்கு அருகில் ஒரு புனல்வாய் திறந்திருக்கிறது. வலது, இடது என்ற இரண்டு சூல்குழாய்களுக்கும் அது ஒன்றே வாய். ஒரு பக்கச் சூலகத்திலிருந்து புறப்பட்ட முட்டைகள் இந்தப் பொதுவாயில் நுழைந்து இரண்டு பக்கமும் பிரிந்து இறங்குகின்றன. சூலகம் ஒன்று, கருப்பை இரண்டு என்ற கணக்கு இப்படித்தான் சரியாகிறது.

குழாயில் சற்று இறங்கினால் ஒரு தடிப்பு. கைவிரலால் தடவினாலே இறுக்கமாகத் தெரியும். ஓட்டுச் சுரப்பி என்று சொல்வோம். முட்டை கருக்கட்டுவது இந்தப் பகுதியை ஒட்டித்தான். முட்டையிடும் சுறாக்களில் இதே சுரப்பிதான் தோல்போன்ற தடித்த உறையைச் செய்து முட்டையைப் பொதிகிறது. பால்சுறாவில் அதே சுரப்பி வெங்காயத்தின் உட்தோல்போல மெல்லிய, கண்ணாடித் தன்மையான ஒரு சவ்வை மட்டும் செய்கிறது. பின்னால் குட்டி வளர்ந்து நீளும்போது இடம் போதவேண்டும் என்பதால் அந்தச் சவ்வு மடிப்பு மடிப்பாக, தேவைக்கு மிஞ்சிய நீளத்தில் வருகிறது. இந்தச் சுரப்பியின் கடைப்பகுதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆணின் விந்தணுக்களை அதன் நுண்குழல்களில் பத்திரமாக வைத்திருக்கக் கூடும். பல சுறா இனங்களில் புணர்ச்சி ஒரு பருவத்திலும் கருக்கட்டல் மாதங்கள் கழித்தும் நடப்பதற்கு இதுதான் காரணம்.

அதன்பின் கருப்பைகள். தங்கச்சி பார்த்த இரண்டு நீளப் பைகள் அவைதான். சினைப்படாத பெண் சுறாவில் அவை ஒடுங்கிய நாடாவைப்போல இருக்கும். ஒருமுறை ஈன்றதன் பின் பழைய ஒடுக்கத்துக்குத் திரும்புவதில்லை, சற்றுத் தளர்ந்த அகலம் தங்கிவிடும். இறங்குதுறையில் நாங்கள் கருப்பையின் அகலத்தை மில்லிமீற்றரில் அளப்பது இதற்காகத்தான். வயிற்றில் குட்டி இல்லாத சுறாவைப் பார்த்தும் "இது குமர், இது தாய்" என்று பிரித்துவிடலாம். இரண்டு கருப்பையும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து, சிறுநீரும் மலமும் குட்டியும் வெளிவரும் ஒரே பொது வாசலில் முடிகின்றன. குளோக்கா என்பது அதற்குப் பெயர்.

கருப்பையைக் கீறிப் பார்த்தபோது குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கவில்லை, தனித்தனிப் பைக்குள் இருந்தன என்று தங்கச்சி எழுதியிருக்கிறார். மிக நல்ல கவனிப்பு. தோடம்பழத்தில் சுளைக்குச் சுளை தோல் இருப்பதுபோல, கருப்பையின் உட்சுவரே வளர்ந்து குட்டிக்குக் குட்டி தடுப்புப் போடுகிறது. ஒரு குட்டியின் கொடி இன்னொன்றோடு சிக்குவதில்லை.

இனி அந்தக் கொடியின் கதை. தொடக்கத்தில் பால்சுறாக் குட்டி கோழிக்குஞ்சைப் போலத்தான்: மஞ்சள்கருப் பையோடு ஒரு தண்டால் இணைந்து, அதைத் தின்று வளர்கிறது. செவுளிலிருந்து மெல்லிய செந்நூல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றால் சுற்றியுள்ள திரவத்திலிருந்து பிராணவாயுவை எடுக்கும். மஞ்சள்கரு கரைந்து முடியும் தறுவாயில் ஒரு மாற்றம் நடக்கிறது. வெறுமையாகிவிட்ட அந்தப் பை சுருங்கி மறைந்துபோகாமல், கருப்பைச் சுவரில் போய் ஒட்டுகிறது. பையின் சுவர் மடிப்பு மடிப்பாகிறது, எதிரே தாயின் சுவரும் மடிப்பாகிறது, இரண்டு மடிப்புகளும் விரல்களைக் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகின்றன. சோற்றுப்பெட்டி காலியானதும் அந்தப் பெட்டியையே அம்மாவின் அடுப்படியோடு பொருத்திவிட்டதுபோல. தண்டு நீண்டு கொப்பூழ்க்கொடியாகிறது. இனிப் பிறக்கும்வரை தாயின் இரத்தத்திலிருந்து உணவு வருகிறது.

இரண்டு இரத்தமும் கலப்பதில்லை. தாய்ப்பக்கம், பிள்ளைப்பக்கம் இரண்டுக்கும் நடுவே, முன்பு சொன்ன அந்த வெங்காயத்தோல் சவ்வு கடைசிவரை இருக்கும். கருப்பையைக் கழுவும்போது வழுக்கிக்கொண்டு வந்த கண்ணாடித் தாள்போன்ற ஒன்றைப் பற்றித் தங்கச்சி கேட்டிருந்தார். அது அதுதான்.

எங்கள் இளங்கொடிக்கும் இதற்கும் வேலை ஒன்று, பிறந்த வழி வேறு. மனிதக் குழந்தையின் கொப்பூழ்க்கொடி இரத்தக்குழாய்கள் வேறொரு கருச்சவ்வின் வழியாக உருவானவை. சுறாவினுடையது மஞ்சள்கருப் பையிலிருந்தே உருவானது. மனிதக் கொடியில் இரண்டு நாடியும் ஒரு நாளமும் உண்டு. சுறாக்கொடியில் ஒரு நாடி, ஒரு நாளம், கூடவே மஞ்சள்கரு வந்த பழைய பாதை. எங்களுக்குக் கொப்பூழ் வயிற்றின் நடுவில், சுறாக்குட்டிக்கு மார்புச் செட்டைகள் இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறையத் தொண்டையடியில். பாலூட்டிகளும் சுறாக்களும் ஒன்றையொன்று பார்த்து எழுதிய விடை இல்லை இது. ஒரே கணக்குக்கு இரண்டு வம்சங்கள் தனித்தனியே கண்ட விடை.

சுறாவுக்கு இப்படி ஒரு கொடி உண்டென்று உலகம் நம்புவதற்கே நெடுங்காலம் எடுத்தது. கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டோட்டில், வழுவழுப்பான ஒரு சிறு சுறாவின் குட்டிகள் நாலுகால் விலங்கின் குட்டிகள்போலக் கொடியால் கருப்பையோடு இணைந்திருக்கின்றன என்று எழுதிவைத்தார். பின்வந்தோரில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஜொஹானஸ் முல்லர் 1840களின் தொடக்கத்தில்தான் அதை ஐயமின்றி நிறுவினார். எங்கள் பக்கத்திலும் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வணங்கிய பரதவர்களைச் சங்கப் புலவர் பாடியிருக்கிறார். கொம்பென்றால் அது வாள்போன்ற மூக்குள்ள வேளாமீனின் கொம்பாக இருக்கவேண்டும், அது திருக்கையின் உறவு. ஆனாலும் "சினை" என்ற சொல் அங்கே விழுந்திருப்பது எனக்கு எப்போதும் மனதைத் தொடும். வலையை இழுத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

எல்லாச் சுறாவும் இப்படியா என்றால், இல்லை. சுறா, திருக்கை இனங்களில் பாதிக்கும் மேல் குட்டி ஈனுபவை என்றாலும், இளங்கொடி உள்ளவை ஒரே ஒரு வரிசைக்குள் மட்டும்தான். பால்சுறா, சுத்தியல்போன்ற தலையுள்ள கொம்பன் சுறா, எங்கள் சந்தைக்கு அதிகம் வருகிற பட்டுச்சுறா எல்லாம் அந்த வரிசை. கொம்பன் சுறாக்கள் சிலவற்றில் கொடியின் மேலேயே நூல்நூலாகக் கிளைகள் முளைத்து, கொடியே ஒரு வேர்க்கொத்துப்போல இருக்கும், கருப்பைத் திரவத்திலிருந்தும் உணவை உறிஞ்சும். இந்தியக் கரைகளில் கிடைக்கும் மண்வெட்டி மூக்குள்ள ஒரு சிறு சுறாவின் முட்டை ஒரு மில்லிமீற்றர் அளவுதான், மஞ்சள்கரு இல்லையென்றே சொல்லலாம். தாயின் இரத்தத்தை நம்பியே அதன் குட்டி வளர்கிறது, இளங்கொடியில் இவ்வளவு தூரம் போன சுறா வேறில்லை.

நீள்வால் சுறாவின் வழி முற்றிலும் வேறு. அதன் கருப்பையில் கொடி கிடையாது. பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு குட்டியாக இரண்டே குட்டிகள். தாய் கருக்கட்டாத முட்டைகளைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்கும், குட்டி அவற்றைத் தின்று வளரும். மணற்புலிச் சுறாவில் இன்னும் கடுமை: ஒவ்வொரு கருப்பையிலும் முதலில் பெரிதாகும் குட்டி தன் உடன்பிறப்புகளையே தின்றுவிட்டுத் தனியாக வெளியே வரும். பிள்ளை பெற்ற வீட்டில் வாசிக்க இது அவ்வளவு நல்லதில்லை, விட்டுவிடுகிறேன். புள்ளிச்சுறா என்கிற திமிங்கிலச் சுறாவில், 1995இல் தாய்வானில் பிடிபட்ட ஒன்றின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. ஒரே தாயின் வயிற்றில் வேறுவேறு வளர்ச்சிப் பருவங்களில் அவை இருந்ததுதான் ஆராய்ச்சியாளர்களை அதிகம் யோசிக்க வைத்தது. முட்டையிடுகிற சுறாக்களும் உண்டு, பாறை இடுக்குகளில் வாழும் சிறு மூங்கிற்சுறா அப்படி.

ஆண் சுறாவைப் பற்றித் தங்கச்சி கேட்கவில்லை. ஆனால் சந்தையில் நின்று பார்ப்பதற்கு அதுதான் மிக எளிது. மீனைப் புரட்டி, வயிற்றுப்பக்கத்துப் பின்செட்டைகளைப் பாருங்கள். ஆணுக்கு அவற்றின் உட்கரையில் இரண்டு விரல்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும். கிளாஸ்பர் என்பார்கள், தமிழில் பற்றுறுப்பு என்று எழுதலாம். செட்டையே சுருண்டு ஒரு பள்ளமுள்ள குழலானது என்று வைத்துக்கொள்ளுங்கள். புணரும்போது இரண்டில் ஒன்றையே ஆண் முன்னோக்கித் திருப்பிச் செலுத்தும். விதைகள் உள்ளே, முன்பக்கத்தில், பெண்ணின் சூலகம் இருக்கிற மட்டத்தில் இருக்கும். அங்கிருந்து சுருண்ட குழல்கள் வழியே விந்து பின்னால் வந்து சேமிப்புப் பையில் தங்கி, பிறகு பற்றுறுப்பின் பள்ளத்துக்குள் இறங்கும். வயிற்றுத் தோலுக்கடியில் இரண்டு பைகள் கடல்நீரை நிரப்பி வைத்திருக்கும். அந்த நீரின் வேகம் விந்தைப் பள்ளத்தின் வழியே தள்ளிவிடும். பருவம் வராத ஆணில் பற்றுறுப்பு மெத்தென்று வளையும். முதிர்ந்த ஆணில் சுண்ணாம்பு படிந்து பென்சில்போல விறைத்திருக்கும், அடியில் பிடித்துத் திருப்பினால் முன்னோக்கித் திரும்பும். கத்தியே எடுக்காமல் ஒரு மீனின் பருவத்தை அறிய இதைவிட நல்ல வழி கிடையாது. பெண்ணிடம் வேறொரு அடையாளம் கிடைக்கலாம்: முதுகிலும் செட்டைகளிலும் பிறை வடிவில் பல் பதிந்த காயங்கள். ஆண் வாயால் கவ்விப் பிடித்த தடம் அது.

இந்த உடற்கூற்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிக் கேள்விக்கு வருவோம்.

பால்சுறா மற்றச் சுறாக்களோடு பார்த்தால் சின்னது, பெரும்பாலும் ஒரு மீற்றரை ஒட்டி. பல கடல்களில் 70, 80 சென்ரிமீற்றர் வந்ததும் பருவமடைகிறது. சினைக்காலம் ஏறக்குறைய ஒரு வருடம், மனிதரைவிட அதிகம். ஒரு ஈற்றில் ஒன்றிலிருந்து எட்டுக் குட்டி வரை, வழக்கமாக இரண்டிலிருந்து ஐந்து. பிறக்கும்போதே குட்டி ஓரடியை ஒட்டி இருக்கும், அதாவது தாயின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு. எங்களில் ஒருவர் பிறந்த பிள்ளையின் முழு நீளத்தில் மூன்று நாலு பிள்ளைகளை ஒரே சமயத்தில் சுமப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு சூரை மீன் ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும், அதில் ஒன்றிரண்டு தப்பினால் போதும். சுறா அப்படிச் சூதாடுவதில்லை. சில குட்டிகளை நன்றாகச் சுமந்து, நீந்தவும் வேட்டையாடவும் தெரிந்த உருவத்தில் விடுகிறது. பெருஞ்சுறாக்கள் தவிர எதிரிகள் அதிகமில்லாத கடலில் அது நல்ல கணக்காக இருந்தது. செவுள்வலை வந்தபின் அதே கணக்கு அவற்றுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. பால்சுறா ஆழக்கடல் மீன் கிடையாது, கரையோர மேடையிலேயே, நாங்கள் அதிகம் வலை விடுகிற நீரிலேயே வாழ்கிறது. தங்கச்சியின் வீட்டுக்கு வந்தது போன்ற ஒரு தாய் வலையில் பட்டால், வயிற்றிலிருக்கிற நாலும் இனிவரும் வருடங்களில் பிறக்கவிருந்தவையும் அதோடு முடிந்துவிடும்.

அழிவாபத்திலுள்ள உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஐயூசிஎன் என்ற பன்னாட்டு அமைப்பின் செம்பட்டியலில் பால்சுறா இப்போது "வல்னரபிள்" நிலையில் இருக்கிறது, அழிவாபத்தின் முதற்படி அது. 2021இல் வெளிவந்த உலக மதிப்பீட்டின்படி சுறா, திருக்கை, அவற்றின் உறவினங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அந்த ஆபத்துக்குள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் முதற்காரணம் மிகைப்பிடிப்பு. நீள்வால் சுறாவில் கண்பெரிதான இனத்தை எடுத்துக்கொண்டால், பெண் பருவமடைய ஏறக்குறைய 12, 13 வருடம், பிறகும் ஈற்றுக்கு இரண்டே குட்டி. இலங்கை 2012இல் நீள்வால் சுறாக்களைப் பிடிப்பதையே தடைசெய்தது. 2015இல் வெள்ளைமுனை ஆழ்கடற் சுறாவும் திமிங்கிலச் சுறாவும் பாதுகாப்புக்குள் வந்தன. செட்டையை மட்டும் வெட்டி எடுத்து வருவது 2001இலிருந்தே சட்டவிரோதம். நீள்வால் சுறாக்கள் 2016இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்வதற்கு முன்மொழிந்த நாடுகளில் முன்னின்றதும் இலங்கைதான். 2019இல் அந்த சைட்டிஸ் மாநாடு கொழும்பில் நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றினார்கள். அது இங்கே நடந்திருந்தால் எங்கள் சந்தைகளில் சுறாவைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு. பால்சுறா உட்பட அதன் முழுக் குடும்பமும் 2022 பனாமா மாநாட்டில் பட்டியலில் சேர்ந்தது. அது நாடுகளுக்கிடையிலான வியாபாரத்துக்கான கட்டுப்பாடு, உள்ளூர்ச் சந்தையில் விற்பதைத் தடுக்காது.

ஆகவே தங்கச்சி செய்தது சட்டப்படி பிழையில்லை. குழந்தை பிறந்த வீட்டில் சினை மீனை வெட்டிவிட்டோமே என்று அம்மா மனம் கலங்கியதாக எழுதியிருந்தார். அந்த மீன் சந்தைக்கு வருமுன்பே, வலையிலேயே இறந்துவிட்டது. அம்மா கத்தியைக் கீழே வைத்தது நெஞ்சில் ஈரமுள்ளவர் செய்கிற வேலை. அதற்கு மேல் அவர் வருந்தவேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி வாங்கலாமா என்பதற்கு என் அபிப்பிராயம்: வேண்டாம். பத்தியத்துக்கு அதைவிட நல்ல மீன் இருக்கிறது. பால்சுறா தின்றால் பால் சுரக்கும் என்பது எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை, மில்க் ஷார்க் என்ற ஆங்கிலப் பெயரே இந்தியக் கரையின் அந்த நம்பிக்கையிலிருந்து போனதுதான். சுறாவுக்குப் பால் கிடையாது. தாய்க்குப் பால் ஊறச் செய்வது குழந்தை அடிக்கடி குடிப்பதும், அவர் நன்றாக உண்டு, நீர் குடித்து, உறங்குவதும். சுறா வறையில் இருக்கிற புரதம் விளைமீனிலும் ஒட்டியிலும் திரளியிலும் இருக்கிறது. இன்னொன்று, சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால் அதன் சதையில் பாதரசம் சேரும், பெரிய சுறாக்களில் அதிகம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கவேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே அறிவுறுத்துகிறது. அக்காவுக்குச் சரக்குக் கறி வைக்க ஆசையென்றால் அந்தச் சரக்கை ஒட்டியில் போட்டு வையுங்கள். உள்ளியும் மிளகும் சீரகமும் சேர்ந்தால் மணத்தில் குறைவராது.

சந்தையில் "பால்சுறா" என்று சொல்லி விற்பதெல்லாம் பால்சுறாவும் இல்லை. உண்மையான பால்சுறாவுக்கு மூக்கு நீண்டு கூர்மையாக இருக்கும், வாயின் மூலைகளிலிருந்து கன்னத்தில் நீளமான கோடு ஓடும், முதுகின் இரண்டாவது சிறு செட்டை கீழேயுள்ள குதச்செட்டை தொடங்கும் இடத்துக்கு நன்றாகப் பின்னால்தான் ஆரம்பிக்கும். இவை இல்லாவிட்டால் அது வேறொரு பெரிய இனத்தின் குழந்தையாக இருக்கக்கூடும். தலையை வெட்டி எடுத்துவிட்ட சின்னக் கொம்பன் சுறாவைக்கூட இந்தப் பெயரில் தட்டில் கண்டிருக்கிறேன். பருவம் வர இன்னும் பல வருடம் இருக்கிற பிள்ளை அது. முதலாளியிடம் தலையோடு காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அடுத்த முறை மீன்கடையில் கையளவு நீளத்துக்குக் கொஞ்சம் கூடிய சுறாக்குட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், ஒன்றைப் புரட்டி மார்புச் செட்டைகளின் நடுவே விரலை வைத்துப் பாருங்கள். சின்னதாக ஒரு பிளவு இன்னும் மூடாமல் தட்டுப்பட்டால் அதுதான் அதன் கொப்பூழ். கொடி அறுந்து சில கிழமைகூட ஆகியிராது, அக்காவின் பிள்ளையின் வயதுதான் அதற்கும் இருக்கும்.